கப்பல் எங்கே நின்றது?

கிரயப் பத்திரம் எது கைக்கு வந்தாலும், சொத்து விவரத்துக்குப் போவதற்கு முன் அதன் முதல் நாலு வரியைத்தான் படிப்பேன். எழுதிக் கொடுப்பவர் இன்னார் மகன், இன்ன வயது, இன்ன தொழில், இருப்பு இன்ன இடம். மெய்யாகவே விற்க வந்தவன் தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டான். பொய்ப் பத்திரம் தயாரிக்கிறவனுக்கு மட்டும் நம்பவைக்க வேண்டுமே என்ற பதைப்பு இருக்கும். ஒரு வரி கூடுதலாகப் போடுவான். இதை நான் கற்றுக்கொண்டது 1983இல், சொந்தமாக ஆபீஸ் போட்டு ஆறு வருஷமான சமயத்தில் வந்த ஒரு வழக்கில்.

ஊர் பெயர் வேண்டாம். காவிரி டெல்டா, கடலுக்குப் பக்கம் என்பது போதும். ஆகஸ்ட் மாதம். வந்தவருக்கு நாற்பதுக்குள் வயது. கால்களை அகட்டி, தரை எப்போது சாயுமோ என்பது போல நின்றார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஊரில் அவரைக் 'கப்பக்காரர்' என்பார்கள். 1965இல் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருஷம் முடித்து, 1980இல் ஊர் திரும்பியவர். போர்வெல் போட பாங்கில் கடன் கேட்டிருக்கிறார். வில்லங்கச் சான்று கொண்டுவா என்றிருக்கிறார்கள். சான்றைப் பார்த்தால், அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையை அவரே 25-11-1971 அன்று சித்தப்பா மகனுக்கு விற்றுவிட்டதாகப் பதிவாகியிருந்தது.

நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததும் அதே சித்தப்பா மகனிடம்தான். அம்மா உயிரோடு இருந்தவரை வருஷம் தவறாமல் நெல் வந்தது. 1974இல் அம்மா போனபின் தண்ணீர் இல்லை, பூச்சி, புயல் என்று மூட்டை குறைந்துகொண்டே வந்தது. பங்காளி என்றால் இதெல்லாம் சகஜம் என்று இவர் இருந்துவிட்டார்.

எனக்கு முதலில் பட்டது தேதி. சுவாதீனம் கேட்டுப் பிராது போடப் பன்னிரண்டு வருஷக் கெடு. பத்திரத் தேதியிலிருந்து எண்ணினால் இன்னும் மூன்றே மாதம்.

"கையெழுத்து உங்களுதா?"

"என்னுது மாதிரி இருக்கு சார். என்னுது இல்லை. அன்னிக்கு நான் கப்பல்ல இருந்தேன்."

"எந்தக் கப்பல்?"

"விக்ராந்த்."

"எங்கே நின்னுது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதை வெளியில சொல்லலாமான்னு தெரியலை சார்."

வங்கதேசப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது. டாக்கா விழுந்தது பள்ளிப் புத்தகத்தில் வந்துவிட்டது. இவர் இன்னும் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். கட்சிக்காரரை நம்பலாமா கூடாதா என்று வக்கீலுக்குள் ஒரு தராசு எப்போதும் ஆடும். அன்றைக்கு அது அந்த நொடியே நின்றுவிட்டது.

பத்திரத்தின் நகல் வாங்கிப் படித்தேன். இவர் பெயருக்கு முன்னால், 'தற்சமயம் சென்னைத் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியிருக்கும் விக்ராந்த் யுத்தக் கப்பலில் உத்தியோகம் பார்த்து வருபவரும்' என்று ஒரு வரி. கப்பல் பெயரோடு விட்டிருந்தால் பத்திரம் பிழைத்திருக்கும். துறைமுகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த வரி தப்பு என்று நிரூபிக்க வேண்டுமே. பதிவான பத்திரம் என்றால் சட்டம் அதன் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். முறைப்படி நடந்தது என்றே அனுமானிக்கும். அதை உடைக்கும் பாரம் நம் தலையில். சார்பதிவாளர் அலுவலக ரேகைப் புத்தகத்தில் பெருவிரல் பதிவு மை அப்பிப்போய்க் கிடந்தது. நிபுணர் கருத்துச் சொல்ல இயலாது என்று எழுதிவிட்டார். அடையாளம் காட்டிய இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் பிரதிவாதியின் வண்டியில் கோர்ட்டுக்கு வருகிறவர். சர்வீஸ் ரெக்கார்டில் இவர் விக்ராந்தில் இருந்தது தெளிவாக இருந்தது. ஆனால் அதில் இரண்டு நாள் லீவு எல்லாம் இருக்காது. கப்பலின் நாட்குறிப்பைக் கேட்டு மனுப் போட்டேன். அது அரசு விவகார ஆவணம், சாட்சியச் சட்டம் 123ஆம் பிரிவின்படி வெளியிட இயலாது என்று பதில் வந்தது. யுத்த காலக் கப்பல் எங்கே சுற்றியது என்பதை ஒரு குத்தகைத் தகராறுக்காகத் திறந்து காட்டமாட்டார்கள்தான்.

எதிர்வாதம் இப்படி வந்தது: கப்பல் அப்போது சென்னையில் நின்றது, வாதி இரண்டு நாள் லீவில் ரயிலேறி வந்தார், பணமுடை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆதாரத்துக்குப் பிரதிவாதியின் மைத்துனர். கொத்தவால்சாவடியில் காய்கறி மண்டியில் கணக்கு எழுதியவர். விக்ராந்த் வருகிறது என்று 1971 நவம்பரில் துறைமுகம் பூராவும் பேச்சு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அவர் பொய் சொல்வதுபோல் தெரியவில்லை. நாற்பது வருஷம் சாட்சிக் கூண்டைப் பார்த்தாயிற்று. மனப்பாடமாகச் சொல்கிறவன் கண் ஓரிடத்தில் நிற்கும். இவர் கண் அலைந்தது, ஞாபகத்தில் தேடுகிறவன் கண் போல.

அந்தக் குழப்பத்தோடுதான் எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போனேன். ஒரு நண்பர் சொல்லியிருந்த புத்தகம் அங்கே கிடைத்தது: 1971இல் கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1980இல் வெளியிட்ட 'நோ வே பட் சரண்டர்'. நாகர்கோவிலில் பிறந்தவர். சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் 1982லேயே காலமாகிவிட்டார். மேஜையில் வைத்துப் படித்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் முறைத்தார்.

மைத்துனர் சொன்னது நிஜம். விக்ராந்த் சென்னைக்கு வருகிறது என்ற பேச்சு நிஜமாகவே ஓடியிருக்கிறது. ஓடவிட்டவரே கிருஷ்ணன்தான்.

கதை இது. நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி நவம்பர் 14 அன்று கராச்சியை விட்டுப் புறப்பட்டது. அமெரிக்காவிடமிருந்து வாங்கியது, வங்கக்கடல்வரை வந்து வேட்டையாடும் தெம்பு அவர்களிடம் இருந்த நீர்மூழ்கிகளில் இதற்கு மட்டும்தான். ஆனால் விக்ராந்த் அதற்கு முந்தின நாளே விசாகப்பட்டினத்திலிருந்து நழுவி அந்தமானின் வடகோடியில் போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஒதுக்குப்புறக் குடாவுக்குப் போய்விட்டது. அங்கே அது இருப்பது தெரியக்கூடாது. வேறெங்கோ இருப்பதுபோல் தெரியவேண்டும். சென்னையில் இருந்த கடற்படை அதிகாரியிடம் விக்ராந்துக்குத் துறைமுகச் சுவரோரம் இடம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் காண்டிராக்டர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்கு ஆகும் அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் சொல்லப்பட்டன. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் சளசளவென்று பேசவைத்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி தன் அம்மா உடல்நிலை எப்படி என்று விசாரிப்பது போன்ற சாதாரணத் தந்தி ஒன்று, சங்கேதம் ஏதுமில்லாமல், யார் காதிலும் விழும்படி அனுப்பப்பட்டது. அம்மாவைப் பற்றிய கவலையில் ஒரு பையன் விதியை மீறிவிட்டான் என்று எதிரி நினைக்க வேண்டும். இதை என் கட்சிக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் தன் நிஜ அம்மாவுக்கு ஒரு கடிதம்கூடப் போட முடியவில்லை என்றார்.

ஆக, காஜியைப் பிடிக்க விரித்த வலையில் எங்கள் ஊர்ப் பங்காளியும் விழுந்திருக்கிறார். மண்டியில் கேட்ட பேச்சை மைத்துனர் ஊருக்குக் கொண்டுவர, அது பத்திரத்தின் நாலாவது வரியில் போய் உட்கார்ந்துகொண்டது.

புத்தகத்தை எப்படிச் சாட்சியமாக்குவது? எழுதியவர் இல்லை, குறுக்கு விசாரணை கிடையாது. ஆனால் அப்போதைய சாட்சியச் சட்டம் 57ஆம் பிரிவின் கடைசியில், பொது வரலாறு சார்ந்த விஷயங்களில் கோர்ட் தகுந்த நூல்களைத் துணைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வாசல் இருந்தது. அதன் வழியாக நுழைந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் என் சீனியரின் வயதுக்காரர், ஜில்லாவிலேயே பெரிய கை. எழுந்து ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "கப்பல் இருக்கும் இடத்தைப் பற்றிப் பொய் பரப்பினேன் என்று தானே ஒப்புக்கொள்பவர் எழுதிய புத்தகத்தை, கப்பல் இருந்த இடத்துக்கு ஆதாரமாக என் கற்றறிந்த நண்பர் காட்டுகிறார்." கோர்ட்டே சிரித்தது. நானும்தான்.

புத்தகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அப்போதே தெரிந்தது. சென்னைத் துறைமுகத்தின் கப்பல் வருகைப் பதிவேட்டுக்குச் சம்மன் எடுத்தேன். கடற்படை ஆவணம் ரகசியமாக இருக்கலாம். எந்தக் கப்பல் எந்தக் கரையில் கட்டியது என்று எழுதிவைக்கும் துறைமுகக் கணக்கு ரகசியமில்லை. நவம்பர் முழுக்க விக்ராந்த் இல்லை. யுத்தக் கப்பலை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கலாமே என்று குறுக்கில் கேட்டார்கள். பதிவேட்டைக் கொண்டுவந்திருந்த குமாஸ்தா, ரிட்டயர்டாக ஒரு வருஷம் இருந்தவர், நிதானமாகச் சொன்னார்: "நோட்டுல எழுதாம விடலாம் சார். 700 அடிக் கப்பலை ராயபுரத்துப் பசங்க கண்ணுக்குத் தெரியாம எங்க வைக்கிறது?"

எதிர்த்தரப்பு உடனே ஓர் அடி பின்வாங்கிற்று. கப்பல் போயிருக்கட்டும், இவர் போனார் என்பதற்கு என்ன அத்தாட்சி? லீவில் கரையில் தங்கியிருக்கலாமே. உள்ளபடியே நல்ல கேள்வி. இதற்கு விடை தேடப் பதினொரு மாதம் ஆயிற்று. வந்து சேர்ந்தது அவருடைய மருத்துவக் குறிப்பேட்டின் நகல். 1971 நவம்பர் 24 தேதியில் கப்பல் மருத்துவர் கையெழுத்தோடு ஒரு வரி: கம்பிச் சிலும்பு கிழித்து உள்ளங்கையில் காயம், இரண்டு தையல். இடது பெருவிரலாக இருந்திருந்தால் சினிமாவாகியிருக்கும். வலது உள்ளங்கை. மறுநாள் சார்பதிவாளர் முன்னால் நடுங்காமல் போட்டதாகச் சொல்லும் கையெழுத்தும் வலது கைதான்.

'கம்பிச் சிலும்பு' என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். அங்கேதான் வழக்கு நிலத்தை விட்டுக் கடலுக்குப் போயிற்று.

என் கட்சிக்காரர் கூண்டில் நின்று கைகளை விரித்துக் காட்டிச் சொன்னார். விமானம் கப்பலின் மேல்தளத்தில் வந்து இறங்கும்போது ஓடி நிற்க இடமிருக்காது. அதனால் தளத்துக்குக் குறுக்கே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். விமானத்தின் வாலுக்கடியில் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி கம்பியை மாட்டினால் கம்பி இழுபட்டு, கீழ்த்தளத்து யந்திரம் அந்த வேகத்தை விழுங்கி விமானத்தை நிறுத்தும். மாட்டவில்லையென்றால் விமானி முழு விசையோடு மறுபடி எழும்ப வேண்டும். அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் இவர் ஒருவர். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தேய்ந்திருக்கிறதா, இழை அறுந்து முள்ளாக நிற்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கையுறை உண்டு. சில சமயம் கையுறையையும் கிழிக்கும்.

"எதுக்கு இவ்வளவு பாடு, விமானத்தைத் தரையிலிருந்தே அனுப்பினால் என்ன?" என்றார் நீதிபதி. ஒரு கப்பலுக்காக ஏன் இத்தனை பொய், இத்தனை நாடகம் என்பதும் அவர் மனதில் இருந்தது. வாதத்தின்போது நான் விளக்கவேண்டி வந்தது. சட்டப் புத்தகம் படிக்க வேண்டிய ராத்திரிகளில் கப்பல் புத்தகம் படித்தேன். சம்சாரம் கேலி செய்தாள்.

முதலில் அந்தக் கம்பி. 1911 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் யூஜீன் எலி என்ற அமெரிக்கர், பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலில் அடித்த பலகை மேடையில் விமானத்தை இறக்கினார். இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு கப்பலிலிருந்து பறந்து கிளம்பியவரும் அவர்தான். மேடையின் குறுக்கே கயிறு, கயிற்றின் இரு முனையிலும் மணல் மூட்டை, விமானத்தில் கொக்கி. அந்த மணல் மூட்டைதான் அறுபது வருஷத்தில் யந்திரமாகி என் கட்சிக்காரர் கையைக் கிழித்தது. ஓடும் கப்பலில் முதலில் இறங்கிக் காட்டியவர் பிரிட்டிஷ் விமானி டன்னிங், 1917 ஆகஸ்டில். ஃபியூரியஸ் கப்பலில் கம்பி கிடையாது, சகாக்கள் ஓடிவந்து விமானத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள். அதே வாரம் மறுபடி முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார்.

கடற்படைகள் விமானத்தை முதலில் கண்ணாகத்தான் வைத்துக்கொண்டன. பாய்மரத்து உச்சியில் ஆளேற்றிப் பார்த்ததை இன்னும் உயரத்திலிருந்து பார்ப்பதற்கு. அடிக்கும் கையாக அது மாறியது இரண்டாம் உலகப் போரில். 1940 நவம்பர் 11 இரவு, துணி போர்த்திய இருபத்தொரு பழைய ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் இலஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து போய், டாரண்டோ துறைமுகத்தில் இத்தாலியின் மூன்று பெரும் போர்க்கப்பல்களை அடித்தன. மறுவருஷம் பேர்ல் ஹார்பர். 1942 மேயில் பவளக்கடல் சண்டையில் இரண்டு கடற்படையின் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவே இல்லை. ஜூனில் மிட்வேயில் ஜப்பான் நாலு விமானந்தாங்கிகளை இழந்தது. முன்பெல்லாம் யார் பீரங்கி பெரிது என்று பார்த்தார்கள். இப்போது யார் யாரை முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே சண்டை. கப்பல் எங்கே நிற்கிறது? அட்மிரல்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்விதான் எங்கள் சப்-கோர்ட்டுக்கும் முன்னால் கிடந்தது.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீதிபதி பேனாவை மூடிவைத்தார். 1942 ஏப்ரலில் தனக்கு எட்டு வயது, ஜப்பான்காரன் வருகிறான் என்று மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலில் கும்பகோணம் வந்தோம் என்றார். அந்தப் பீதி வெறும் வதந்தியில்லை. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்தில், 9ஆம் தேதி திருகோணமலையில். எல்லாம் கடலிலிருந்து பறந்து வந்தவை. அதே 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் மூழ்கியது. விமானந்தாங்கி என்றே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அது. அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் விடப்பட்டிருந்தன. 307 பேர் இறந்தார்கள். விமானம் இல்லாத விமானந்தாங்கி என்பது வெறும் பெரிய இலக்கு, அவ்வளவுதான்.

விக்ராந்துக்கும் இலக்காகிவிடும் பயம் இருந்தது. அதன் தளத்தில் சீ ஹாக் ஜெட்டுகளும் நீர்மூழ்கி தேடும் அலிஸே விமானங்களும் இருந்தன. ஆனால் கப்பலுக்கு நாலு கொதிகலன்; 1970இலேயே விரிசல் கண்டிருந்தது. ஒன்று அடியோடு பயனில்லை. மற்றவற்றுக்கு எஃகுப் பட்டை கட்டி, பத்தியச் சமையல்போல நீராவியை அளந்து ஓட்டினார்கள். விமானம் கிளம்பவும் இறங்கவும் தளத்தின்மேல் எதிர்க்காற்று வேண்டும். காற்று இல்லாத நாளில் கப்பலே ஓடித்தான் காற்றை உண்டாக்க வேண்டும். வேகம் குறைந்த கப்பல், காற்றுக்கு எதிராக நேர்கோட்டில், குறிப்பிட்ட நேரம் ஓடியே ஆகவேண்டும் என்றால், கீழே காத்திருக்கும் நீர்மூழ்கிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் ஒளித்துவைத்தார்கள். அதனால்தான் அத்தனை பொய்யும். நீதிபதி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

பெரிய வக்கீல் என் கட்சிக்காரரைக் குறுக்கு விசாரணை செய்ததும் ஞாபகம் இருக்கிறது.

"நவம்பர் 25 அன்று என்ன செய்தீர்கள்?"

"ஞாபகம் இல்லைங்க."

"கப்பலில் இருந்தேன் என்று பிராதில் சொல்லியிருக்கிறீர்கள். ஞாபகம் இல்லை என்கிறீர்கள்."

"கப்பல்ல இருந்தேங்க. அன்னிக்குன்னு தனியா ஞாபகம் இல்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி. டிசம்பர் 4 ஞாபகம் இருக்கு."

அவர் கேட்டிருக்கக் கூடாது. கேட்டார். இவர் சொன்னார். காலையில் எட்டு சீ ஹாக் ஒவ்வொன்றாக, விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டில் ஏறியது. நீராவி தளமெல்லாம் பரவிக் கால் தெரியவில்லை. காக்ஸ் பஜார் என்றார்கள். ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. போனதை எண்ணினோம். திரும்பி வரும்போதும் எண்ணினோம். எட்டும் வந்து கம்பியைப் பிடிக்கிறவரை யாரும் சாப்பிடப் போகவில்லை. பிற்பகல் சிட்டகாங். அப்புறம் பகலும் இரவும் அதே வேலை. சொல்லி முடித்தவர், "இவ்வளவு நேரம் பேசினதுக்கு மன்னிக்கணும்" என்றார்.

கடைசியில் பத்திர எழுத்தர். மெலிந்த மனிதர், விபூதி, காதில் பேனா. அவரிடம் நான் கேட்டவை மூன்றே கேள்விகள்.

"கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நிற்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது உங்க ஊகமா?"

"நான் ஏங்க ஊகிக்கணும்? எழுதிக் கொடுத்தவர் சொன்னார், எழுதினேன்."

"பிரதிவாதி சொல்லலையே?"

"அவர் வாயே திறக்கலை."

"எழுதினதைப் படிச்சுக் காட்டினீங்களா?"

"வரிக்கு வரி. சரின்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்."

உட்கார்ந்துவிட்டேன். ஜூனியர் இன்னொன்று கேளுங்கள் என்று சட்டையை இழுத்தான். விக்ராந்தில் வேலை பார்க்கும் ஒருவன் தன் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஊர்ப்பேச்சைச் சொல்லமாட்டான். ஊர்ப்பேச்சைச் சொன்னவன் கப்பலில் வேலை பார்த்தவனாக இருக்கமாட்டான். அன்று சார்பதிவாளர் முன் நின்றது வேறு யாரோ. அந்த வேறு யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. சிவில் வழக்கில் அது தெரிந்தாக வேண்டியதும் இல்லை.

தீர்ப்பு 1987இல் எங்கள் பக்கம் வந்தது. காஜி அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1971 டிசம்பர் 3-4 இரவில், விசாகப்பட்டினத்து முகத்துவாரத்தில் 90 பேருக்கு மேல் உள்ளே வைத்துக்கொண்டு வெடித்து மூழ்கியிருந்தது. ராஜ்புத் போட்ட ஆழ்வெடியால் என்பது நம் கடற்படையின் கூற்று, தானே விதைத்த கண்ணியில் மாட்டியது என்பது அவர்களுடையது. எதுவானாலும், இல்லாத கப்பலைத் தேடி வந்த இடத்தில் நடந்தது. பத்திரத்தைப் பற்றி எழுதும்போது நீதிபதி அதையெல்லாம் தொடவில்லை. புத்தகத்தின்மேல் பாரம் வைக்காமல், துறைமுகப் பதிவேட்டின்மேலும் மருத்துவக் குறிப்பின்மேலும் எழுத்தரின் வாக்குமூலத்தின்மேலும் தீர்ப்பை நிறுத்தியிருந்தார். கெட்டிக்காரர். மேலே போனால் 57ஆம் பிரிவு ஆட்டம் காணலாம் என்று அவருக்குத் தெரியும்.

மேலே போகத்தான் செய்தார்கள். முதல் மேல்முறையீடு தோற்று, இரண்டாவது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை நாளன்று கட்சிக்காரரைக் கிழக்கு மதில் பக்கம் கூட்டிப்போய் எம்டன் கல்வெட்டைக் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, குண்டு ஒன்று இந்த வளாகத்திலும் விழுந்தது. 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன். மூன்று புகைபோக்கிக் கப்பல். பொய்யாக நாலாவது ஒன்றை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி பினாங்குக்குள் புகுந்தது. இதுவும் ஆள்மாறாட்டம்தான் என்றேன். அவர் கல்வெட்டைப் படித்துவிட்டு, "ரெண்டு அலிஸே இருந்திருந்தா காலையிலேயே புடிச்சிருக்கலாம் சார்" என்றார். உள்ளே எங்கள் வழக்கு பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. சட்டப் பிரச்சினை ஏதும் எழவில்லை, தள்ளுபடி.

விக்ராந்தை 1997 ஜனவரியில் ஓய்வு கொடுத்து, மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்து, 2014இல் உடைக்க விற்றார்கள். அதன் இரும்பை வாங்கி ஒரு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தது. 2016 தீபாவளிக்கு மறுநாள் அவர் பேரன் அந்த வண்டியில் தாத்தாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பெட்ரோல் டேங்கில் அந்த இரும்பு கலந்திருக்கிறது என்று பெருமையாகக் காட்டினான். எழுபது தாண்டிய மனிதர் குனிந்து, தழும்பு உள்ள கையால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் பத்தலை சார்," என்றார். "நம்ம தளத்துல தட்டினா இப்படிக் கேக்காது."

பேரனுக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. காபி வந்தது, வயல் நடவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.